அச்சம் திருத்துமா?

அடியாத மாடு படியாது என்பர் நம்மவர். மாடு படியலாம், மனிதன் அவ்வாறு திருந்துவதில்லை. திருடித் திரியும் மகனைச் சிறைவாசலில் ஒரு நாள் நிறுத்தினால் புத்தி வந்துவிடும் என்று நம்பும் பெற்றோர் நம் பங்குகளிலும் உளர்.

இதை அமெரிக்கா செய்து பார்த்துவிட்டது. நியூ ஜெர்சி மாநிலத்து ராவே சிறைச்சாலையில், வழிதவறிய இளையோரை ஆயுள் கைதிகள் முன் அமர்த்தி மிரட்டச் செய்தனர். அதைக் காட்டிய 1978ஆம் ஆண்டு ஆவணப்படம் ஆஸ்கர் விருதும் பெற்றது. ஆனால் இத்தகைய திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து பெட்ரோசினோ குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு என்ன? மிரட்டப்படாதவரைவிட மிரட்டப்பட்டவரே மிகுதியாகக் குற்றம் புரிந்தனர்!

காரணம் யாது? அச்சம் வேறு, மனக்கலக்கம் வேறு. அச்சம் வெளியிலிருந்து வருவது. காவலர் அகன்றால் அதுவும் அகலும். மனக்கலக்கமோ உள்ளே பிறப்பது. 'நான் என்ன செய்துவிட்டேன்' என்று உறக்கத்தைக் கெடுப்பது. நெறி பிறழ்ந்த இளைஞர் பலர், நெஞ்சில் தாங்க வேண்டிய இக்கலக்கத்தைத் தாங்காமல் செயலாக்கி வெளியே வீசிவிடுகின்றனர் என்பது உளச்சிகிச்சையாளரின் அனுபவம். தனக்கு நோயில்லை என்பவனுக்கு மருந்து எவ்வாறு பலிக்கும்?

ஆஸ்திரியாவின் ஓபர்ஹோலாபுருன்னில் 1918இல் இத்தகையோருக்கென இல்லம் தொடங்கிய ஆகுஸ்ட் ஐக்ஹார்ன், மிக முரடரான 12 சிறுவரைத் தனிக் குழுவாக்கினார். அவர்கள் பொருள்களை உடைத்தனர். எவரும் அவர்களை அடிக்கவில்லை. எதிர்பார்த்த அடி விழாதபோது சினம் முதலில் பெருகிற்று. பின்னர் அழுகையாக உடைந்தது. சிகிச்சைக்கு வழி அங்கேதான் திறந்தது. நேசிக்க ஒருவர் கிடைத்த பின்னரே, அவரை இழந்துவிடுவோமோ என்னும் கலக்கம் பிறக்கும்.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். எல்லை வகுப்போம், செய்த தீங்குக்கு ஈடு செய்விப்போம். ஆனால் அவமானப்படுத்தித் திருத்த முயலோம். கலக்கம் பிறக்கும் நாளில், 'போகட்டும், அழாதே' என்று அவசரமாய் அதை அணைத்துவிடவும் வேண்டாம். அவன் அருகே அமர்ந்திருப்போம்.

தண்டனைக்கு அஞ்சி வரும் மனஸ்தாபத்தையும், அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபத்தையும் திருச்சபை பிரித்தே கற்பிக்கிறது. பேதுருவை நினையுங்கள். பணிப்பெண் முன் அவருக்கு வந்தது அச்சம். அது அவரைப் பொய் சொல்ல வைத்தது. ஆண்டவர் திரும்பி நோக்கினார், மிரட்டவில்லை. அந்த நோக்கே அவரை மனங்கசந்து அழ வைத்தது.

நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டப்போவது எதை? சிறைவாசலையா, அந்தப் பார்வையையா?