சந்தையின் தீர்ப்பா?

நலிந்த ஆலையைச் சந்தையே தீர்த்துக்கட்டும் என உபதேசிப்போர், ருமேனியாவின் கிம்புலுங் நகரைச் சற்று நோக்கட்டும். கரடுமுரடான மலைப்பாதைகளில் ஓடவல்ல ஜீப் வகை வண்டிகளை அந்நகரத் தொழிலாளர் 1957 முதல் உருவாக்கினர். ‘ஆரோ’ எனும் பெயர் தாங்கிய வண்டிகள் பல கண்டங்களுக்கும் சென்றன. 1989இல் ஆட்சி கவிழ்ந்தது, பின்னர் பழைய சந்தைகள் கைநழுவின, கடன் பெருகியது. 2003இல் அரசு, ஆலையின் பெரும்பங்கை 200,000 யூரோவுக்கும் குறைந்த விலைக்கு அமெரிக்க நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தது. முதலீடு வரும் என்றனர். வந்ததோ 2006இல் வங்குரோத்து!

சிற்றாலையொன்று உலகப் பெருமுதலாளிகளுடன் தனித்து நின்று போட்டியிட இயலாது என்பது மெய்யே. ஆயின், அது பொதுச்சொத்தை மலிவாய் விற்பதற்கு நியாயமாகுமா? பொதுப்பணத்தால் புதுப்பிப்பதற்கன்றோ நியாயமாகும்! சந்தை வானிலிருந்து இறங்கிய விதியன்று. விற்பனைப் பத்திரத்தில் ஒப்பமிட்டவை மனிதக் கைகளே. ‘யாருக்கு, எந்நிபந்தனையில் விற்கிறீர்?’ என்று கேட்கும் உரிமை, உழைத்தோர்க்கே முதலில் உண்டு.