ஆர்.ஓ. வாங்கறதுக்கு முன்னாடி...

போன வாரம் எங்க மயிலாப்பூர் வீட்டுக்கு ஆர்.ஓ. விக்க ஒரு தம்பி வந்தார். ரெண்டு டம்ளர்லயும் ஒரு கருவிய விட்டு கரண்ட் குடுத்தார். எங்க மெட்ரோ தண்ணி செம்மண் கலராச்சு. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி அப்படியே இருந்துச்சு. அம்மா அரண்டுட்டாங்க.

மக்களே, அது அழுக்கு இல்ல! கருவியில இருக்கற இரும்புக் கம்பி கரையுது. தண்ணியில உப்பு இருந்தாதான் கரண்ட் பாயும்; ஆர்.ஓ.வுல உப்பு கம்மி, அவ்வளவுதான்.

முதல்ல சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்க. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். எங்க குழாய்ல 280. மீட்டர் கிருமியக் காட்டாது. அதுக்குக் கொதிக்க வைக்கலாம், இல்ல யு.வி. போதும். அடையாறு பக்கம் போர் தண்ணி உப்புக் கரிச்சா, ஆர்.ஓ. வாங்குங்க, தப்பில்ல.

ஆனா ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு குடம் சாக்கடைக்குப் போகும். 2019 ஜூன்ல லாரி பின்னாடி குடத்தோட ஓடினோமே, மறந்தாச்சா? அதுக்கு முந்தின மாசம்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் கீழ இருந்தா ஆர்.ஓ. வேண்டாம்னு சொல்லிச்சு. வாங்கினா, கழிவுத் தண்ணிய வாளியில பிடிச்சு வீடு துடைங்க.

தம்பிக்குக் காபி குடுத்து அனுப்பினோம். எங்க வீட்டுத் தண்ணியில போட்டதுதான். நல்லா இருக்குன்னார் :-)