ஓசிக் கரண்டும் ஒண்ணேமுக்கால் கணக்கும்

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். மூணாறு போற வழி. போடிமெட்டு ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல நம்ம தோட்டத்தில் இறங்கி, இளநி குடிச்சுட்டு, கிணத்தை எட்டிப் பார்த்துச் சொன்னான்: "உங்களுக்கென்ன மாமா, கரண்டு ஓசி. நாங்கதான் பில்லு கட்டிச் சாகுறோம்."

அன்னைக்குத்தான் காயில் எரிஞ்ச மோட்டாரைக் கழட்டி வெளியே போட்டிருந்தேன். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். கொஞ்சம் கணக்கு வரும், பயந்துடாதீங்க.

உங்க வீட்டுக்கு வர்றது ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், 240 வோல்ட். 1500 வாட் ஹீட்டர் போட்டா 1500ஐ 240ஆல் வகுங்க, ஆறேகால் ஆம்பியர். அவ்வளவுதான் வீட்டுக் கணக்கு.

என் மோட்டாருக்கு மூணு பேஸ் வேணும். மூணும் ஒண்ணுக்கொண்ணு 120 டிகிரி தள்ளி ஏறி இறங்கும். ஒரு புள்ளியில் இருந்து 240 நீளத்துக்கு இரண்டு கோடு போட்டு, நடுவில் 120 டிகிரி விட்டு, நுனிகளைச் சேருங்க. அந்தக் கோடு 415 வரும். 240ஐ 1.732ஆல் பெருக்கினாலும் அதே 415தான். 1.732 என்பது மூணின் வர்க்கமூலம். எங்க ஊர் மோட்டார்காரர் அதை 'ஒண்ணேமுக்கால்' என்பார். மோட்டார் பட்டயத்தில் அடிச்சிருக்கிற 415 அங்கிருந்து வந்ததுதான்.

ஏன் இந்த வம்பு? 5 எச்பி மோட்டார் மூணு பேஸில் சுமார் ஏழரை ஆம்பியர் இழுக்கும். அதே வேலையை ஒரு பேஸில் செய்யச் சொன்னா இருபத்திரண்டரை. கம்பியில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். ஆம்பியர் மூணு மடங்கானா ஒவ்வொரு கம்பியிலும் சூடு ஒன்பது மடங்கு. மூணு கம்பி இருந்த இடத்தில் இரண்டுதான் என்று கழிச்சாலும் மொத்தத்தில் ஆறு மடங்கு.

இனி என் கதைக்கு வாங்க. எங்க பக்கம் மும்முனை முறை வச்சுத்தான் வருது. வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுவோம். நான் லைனில் கடைசிக் கம்பம். மாசி, பங்குனியில் 415 இருக்க வேண்டிய இடத்தில் 330 காட்டும். மோட்டார் விடாது, வோல்ட் குறைஞ்சா ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஏழரை ஒன்பதரை ஆகும். சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அதைவிடக் கொடுமை, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பேஸ் போறது. மோட்டார் நிக்காது, உறுமிக்கிட்டே ஓடும். மிச்ச இரண்டு கம்பியில் அதே ஒண்ணேமுக்கால் மடங்கு ஆம்பியர், அதனால் சூடு மூணு மடங்கு. ரிலே தட்டலைன்னா, ராத்திரி தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள காயில் கருகிடும். காயில் கட்டுற கூலி, மோட்டாரை இறக்கி ஏத்துற கூலி, தண்ணியில்லாமக் கிடந்த பத்து நாள். என் பில்லு அங்கே வருது மாப்ள.

எங்க தப்பும் உண்டு, மறைக்கலை. இரண்டு பேஸ் இருக்கும்போதே கண்டன்சர் மாட்டி ஓட்டுறோம். அது பக்கத்துத் தோட்டத்துக்காரன் வோல்ட்டையும் சேர்த்துக் குடிக்குது.

ஓசி என்கிறவங்களுக்கு இன்னொண்ணு. 1970ல் யூனிட்டுக்கு 1 பைசா குறைக்கச் சொல்லிப் போராடினப்போ, பெருமாநல்லூரில் மூணு விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. எங்க எல்லாருக்கும் இலவசம் வந்தது 1990ல். உங்களுக்கும் 2016லிருந்து இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்தானே? அதை யாரும் ஓசின்னு சொல்றதில்லை.

தோட்டத்துக்கு மீட்டர் வைக்கணும்னு எழுதுறீங்க. வையுங்க, நான் எதிர்க்க மாட்டேன். சங்கத்துக்காரங்க என்னைத் திட்டுவாங்க, திட்டட்டும். ஆனா பக்கத்திலேயே ஒரு வோல்ட் மீட்டரும் வையுங்க. 1956 மின்சார விதியே 6 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. அந்தக் கணக்குப்படி 390க்குக் கீழே போகக் கூடாது. யூனிட்டை நான் எழுதித் தர்றேன், 390க்குக் கீழே ஓடின மணியை நீங்க எழுதித் தாங்க.

அக்கா மகன் ஒண்ணும் பேசலை. காரில் ஏறப் போகும்போதுதான் கேட்டான்: "காயில் கட்ட எவ்வளவு மாமா ஆகும்?"