ஞானஸ்நானம் பெற்ற மூன்று விக்கிரகங்கள்

தியானப் பகுதி: உபாகமம் 17:14–20



விக்கிரகாராதனையைக் குறித்து நான் பிரசங்கிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களில் பலருடைய முகத்தில் ஒரு நிம்மதியைக் காண்கிறேன். இந்தச் செய்தி நமக்கல்ல, மற்றவர்களுக்கு என்ற நிம்மதி அது. நாம் குடியிருப்பது மண்ணச்சநல்லூரில். ஒரு பக்கம் சமயபுரம். கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். ஆகையால் விக்கிரகம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்முடைய சிந்தை அயலாருடைய தெருவுக்கு ஓடிவிடுகிறது. ஆனால் பத்துக் கட்டளைகள் எகிப்திலிருந்து மீட்கப்பட்ட ஜனத்துக்கே கொடுக்கப்பட்டன. பொன் கன்றுக்குட்டியை வார்த்தவனும் அந்நியனல்ல, ஆசாரியனாகிய ஆரோன். அயலாருடைய கோபுரத்தைச் சுட்டிக்காட்டுவதற்கு வேதம் எனக்கு அதிகாரம் தரவில்லை. என் சபையையும் என் இருதயத்தையும் சோதிக்கும்படியே கட்டளையிடுகிறது.

மார்ட்டின் லூத்தர் 1529-ஆம் ஆண்டு எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் முதலாம் கட்டளையை விளக்கும்போது சிலைகளோடு நின்றுவிடவில்லை. மனிதன் எதன்மேல் தன் நம்பிக்கையை வைத்துச் சாய்ந்திருக்கிறானோ அதையே அவனுடைய தெய்வமாக எண்ணுகிறார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்முடைய சபைகளுக்குள் நடந்துபார்த்தால் மூன்று விக்கிரகங்கள் தென்படும்: அதிகாரம், பணம், இச்சை. இவை நம்மிடத்தில் வந்தபோது ஞானஸ்நானம் பெற்றுத் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. அதிகாரத்துக்குப் "பொறுப்பு" என்று பெயர். பணத்துக்கு "ஆசீர்வாதம்" என்று பெயர். இச்சையின் பாவத்தை மூடிவைப்பதற்கோ "சாட்சியைக் காத்தல்" என்று பெயர். பழைய பெயரில் வந்திருந்தால் வாசலிலேயே தடுத்திருப்போம். புதிய பெயரில் வந்தபடியால் முன்வரிசையில் இடம் கொடுத்தோம்.

இந்த மூன்றையும் மோசே ஒரே இடத்தில் சொல்லியிருக்கிறார். இஸ்ரவேலில் ராஜாவாகிறவன் குதிரைகளைப் பெருகப்பண்ணக் கூடாது, மனைவிகளைப் பெருகப்பண்ணக் கூடாது, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாய்ச் சேர்க்கக் கூடாது என்பது உபாகமம் 17-இன் கட்டளை. குதிரை அக்காலத்துப் படைபலம், அதாவது அதிகாரம். பிறகு 1 இராஜாக்கள் 10, 11 ஆகிய அதிகாரங்களை வாசியுங்கள். சாலொமோனுக்கு ஒரு வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து. எகிப்திலிருந்து குதிரைகள். 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். விலக்கப்பட்ட மூன்றும் ஒரே மனிதனிடத்தில் நிறைவேறின. அவன் யார்? கர்த்தருக்கு ஆலயம் கட்டியவன். ஞானத்தைக் கேட்டுப் பெற்றவன். ஆலயத்தை 7 வருஷத்தில் கட்டினான், தன் அரமனையை 13 வருஷத்தில் கட்டினான். முடிவில் எருசலேமுக்கு எதிரான மலையில் அந்நிய தெய்வங்களுக்கு மேடைகளையும் அதே கை கட்டியது. கல்லில் மேடை எழும்புமுன்னே அவனுடைய இருதயத்தில் அது எழும்பிவிட்டது.

"பொறுப்பு" என்னும் அதிகாரம்

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, ஐரோப்பாவிலும் ஒன்றுசேராதிருந்த மரபுகள் நம் மண்ணில் ஒன்றாயின. உலகமே அதை வியந்து பார்த்தது. அதே திருச்சபையின் சினாட் தேர்தலை நடத்துவதற்கு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்க வேண்டியதாயிற்று. சகோதரனுக்கு விரோதமாய்ச் சகோதரன் வழக்காடப் போவதைக் குறித்துப் பவுல் கொரிந்தியரை வெட்கப்படுத்தி எழுதியதை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறோம். மற்றத் திருச்சபைகள் இதைக் கண்டு சிரிக்க வேண்டாம். தேர்தலே இல்லாத சுயாதீன சபைகளில் தகப்பனுக்குப் பின் மகன் பிரசங்கபீடத்துக்கு வாரிசாகிறான். கேள்வி கேட்கிறவன் "அபிஷேகம் பெற்றவருக்கு விரோதி" என்று ஒதுக்கப்படுகிறான்.

அதிகாரத்தின் மிகப் பழைய வடிவம் நம்மிடத்தில் ஜாதி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிறுத்திய சுவரைக் குறித்து நாடே பேசியது. அது கத்தோலிக்கருடைய தோட்டம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம்முடைய வீட்டில் மகளுக்கு வரன் தேடும்போது முதலில் கேட்பது என்ன? இரட்சிக்கப்பட்டவரா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறோம் என்று அறிக்கையிட்டுக்கொண்டே, உயிர்த்தெழும் வரிசையிலும் யார் பக்கத்தில் யார் படுத்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிற ஜனம் நாம்.

"ஆசீர்வாதம்" என்னும் பணம்

இதில் நான் முதலில் என்னையே குற்றஞ்சாட்ட வேண்டும். பல வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில் நான் ஊழியம் செய்தபோது, எங்கள் சபையார் ஒருவர் ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்தார். அவர் வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய பெயரைக் கல்லில் பொறித்து வாசலில் பதித்தோம். சில மாதங்கள் கழித்து அதே சபையின் ஒரு விதவைத் தாயார் என்னிடத்தில் வந்தார். மகனுடைய வைத்தியத்துக்காக அந்த மனிதரிடம் வாங்கிய கடனுக்கு, அசலைக் காட்டிலும் அதிகமாக வட்டி கட்டிவிட்டதாகவும், இன்னும் அசல் அப்படியே நிற்பதாகவும் சொல்லி அழுதார். "ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார்" என்றார். நான் ஜெபித்து அனுப்பினேன். அவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில், சகோதரரிடத்தில் வட்டி வாங்கியவர்களை நெகேமியா சபை கூட்டிக் கடிந்துகொண்ட பகுதி இருக்கிறது. அந்தச் சபையில் நான் இருந்த காலமெல்லாம் அதிலிருந்து ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அந்தத் தாயார் கொஞ்ச நாளில் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்தச் சுவர் இன்றைக்கும் உறுதியாய் நிற்கிறது.

அந்த மனிதரை விட நானே அன்றைக்கு விக்கிரகாராதனைக்காரன். அவர் பணத்தைச் சேவித்தார். நான் அவருடைய பணத்தைச் சேவித்துக்கொண்டே பலிபீடத்தண்டையில் நின்றேன்.

இன்று பல மேடைகளில் பணம் வெட்கமின்றியே பிரசங்கிக்கப்படுகிறது. விதைத்தால் நூறத்தனையாய் அறுப்பாய் என்று சொல்லி, அன்றாடக் கூலிக்காரரின் பையிலிருந்து காணிக்கை பறிக்கப்படுகிறது. ஏழையாயிருக்கிறவன் விசுவாசக் குறைவுள்ளவன் என்றால், தலைசாய்க்க இடமில்லாதிருந்த மனுஷகுமாரனை அந்தப் பிரசங்கிகள் என்ன சொல்லுவார்கள்? நம்முடைய ஊர் அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது. நெல்லை அளவுக்கு மிஞ்சித் தீட்டினால் அரிசி வெண்மையாய் மினுங்கும்; சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலுவையை நீக்கித் தீட்டப்பட்ட சுவிசேஷமும் அப்படியே. பார்வைக்கு அழகாயிருக்கும், ஆத்துமாவுக்குப் போஷாக்கு தராது.

"சாட்சியைக் காத்தல்" என்னும் மூடுதிரை

சரீர உறவு பாவமன்று. விவாகத்துக்குள் அது தேவன் தந்த ஈவு. அதற்கென்றே வேதத்தில் உன்னதப்பாட்டு இருக்கிறது. ஈவைக் கொடுத்தவரை மறந்து, இன்னொருவருடைய சரீரத்தை நம்முடைய பசிக்கு இரையாக்கும்போது அது விக்கிரகமாகிறது. அந்த விக்கிரகம் இப்போது இரவு வேளையில் ஒவ்வொருவர் கையிலுள்ள கைபேசியிலும் காத்திருக்கிறது. வாலிபரை மாத்திரம் கடிந்துகொள்வது எளிது. ஊழியக்காரரையும் அது விட்டுவைக்கவில்லை.

1946-இல் சென்னையில் பிறந்து, விசுவாசத்துக்கான நியாயங்களை உலகமெங்கும் எடுத்துரைத்தவர் ரவி சக்கரியாஸ். நம்மில் பலர் அவருடைய புத்தகங்களை வாசித்திருக்கிறோம். நானும் பிரசங்கபீடத்தில் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறேன். 2020 மே மாதத்தில் மரித்தார். அவருடைய ஊழிய நிறுவனமே நியமித்த வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. பல ஆண்டுகளாக, மசாஜ் செய்யும் பெண்கள் உட்படப் பலரிடத்தில் அவர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததை அது உறுதிசெய்தது. ஊழியத்தின் பெயரால் திரட்டப்பட்ட பணத்தில் ஒரு பங்கு அந்தப் பெண்களில் சிலருக்குப் போயிருந்தது. 2017-இல் ஒரு பெண் வெளியே வந்து சொன்னபோது நிறுவனம் அவரை நம்பவில்லை. இந்த அறிக்கைக்குப் பின்னரே மன்னிப்புக் கேட்டது. கவனியுங்கள்: இச்சை பாவத்தைச் செய்தது, பணம் அதற்கு வசதி செய்தது, அதிகாரம் அதை மறைத்தது. மூன்று விக்கிரகங்களும் ஒன்றுக்கொன்று ஊழியம் செய்தன.

நம்முடைய சபைகளில் ஒரு பெண் வந்து முறையிட்டால் முதலில் என்ன சொல்லுகிறோம்? "அம்மா, வெளியே சொல்லாதே, சாட்சி கெட்டுப்போகும்." யாருடைய சாட்சி? தாவீது பத்சேபாளிடத்தில் செய்ததைப் பரிசுத்த ஆவியானவர் மறைக்கவில்லை. நாத்தானை அரமனைக்குள் அனுப்பினார், எல்லாத் தலைமுறைகளும் வாசிக்கும்படி எழுதியும் வைத்தார். பிள்ளைகளுக்கு நேரிடும் பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதைப் போக்சோ சட்டம் 2012 முதலே குற்றமாக்கியிருக்கிறது. பணியிடத்தில் பெண்களின் முறையீட்டை விசாரிக்கக் குழு அமைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் சட்டம். தேசத்தின் சட்டத்துக்கு இருக்கிற பயம் தேவனுடைய வீட்டில் இல்லையென்றால் நியாயத்தீர்ப்பு எங்கே தொடங்கும் என்று நினைக்கிறீர்கள்?

நம் மண்ணில் வாழ்ந்த ஒருவர்

"இப்படி யாரால் வாழ முடியும், போதகரே?" என்று கேட்பீர்கள். திருச்சி கோட்டைப் பகுதியிலுள்ள கிறிஸ்துநாதர் ஆலயத்தை 1766-இல் எழுப்பிய சுவார்ட்ஸ் ஐயர் நினைவுக்கு வருகிறார். திருச்சியில் அவர் தங்கியது, கட்டிலும் அவரும் மாத்திரமே கொள்ளத்தக்க பழைய கட்டடம் ஒன்றின் சிறு அறையில். உணவு, சோறும் கொஞ்சம் காய்கறியும். 1779-இல் ஆங்கிலேயர் சார்பாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது சென்றபோது ஹைதர் அலி வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைக்க முன்வந்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை மூலதனமாக்கினார். 1787-இல் தஞ்சை மன்னர் துளஜா மரணப்படுக்கையில் தன் சுவீகார புத்திரன் சரபோஜியை அவருடைய பொறுப்பில் விட விரும்பினார். சுவார்ட்ஸ் அந்த அதிகாரத்தை ஏற்கவில்லை. ஆனால் பின்னாளில் அந்தப் பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தபோது அவனைக் கைவிடவுமில்லை. அவனுடைய பாதுகாப்புக்கும் கல்விக்கும் வழிசெய்தார். கடைசிவரை விவாகம் செய்யாமலேயே வாழ்ந்து 1798-இல் மரித்தார். அவர் நினைவாகச் சலவைக்கல் சிற்பம் செய்வித்தவர் கிறிஸ்தவரல்லாத அதே சரபோஜி மன்னர்.

அவரையும் விக்கிரகமாக்கிவிடாதீர்கள். அவருடைய காலத்துச் சபைகளில் ஜாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நீடித்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் அது ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, ஜாதியை விடுவதைப் பார்க்கிலும் சபையை விடுவது மேல் என்று பலர் வெளியேறினார்கள். பணத்தை வென்ற தலைமுறையும் ஜாதியின் அதிகாரத்துக்கு இடம் விட்டுவைத்தது. ஆகவே நமக்கு மாதிரி மனிதரில் ஒருவருமில்லை. வனாந்தரத்தில் அப்பத்தையும், புகழையும், உலகத்தின் ராஜ்யங்களையும் மறுத்த இயேசு ஒருவரே நமக்கு மாதிரி.

செய்ய வேண்டியது

உபாகமம் 17 விலக்கோடு முடியவில்லை. ராஜா நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு நாள்தோறும் அதை வாசிக்க வேண்டும். அவனுடைய இருதயம் தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதபடிக்கு அதுவே மருந்து. இந்த வாரம் நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த ஏழு வசனங்களை உங்கள் கையால் எழுதுங்கள். பதவியிலிருக்கிறவர்கள் இரண்டு முறை எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

நம்முடைய சபையைப் பொறுத்தமட்டில் நான்கு காரியங்களைக் கமிட்டியின் முன் வைக்கப்போகிறேன். மாதாந்திர வரவுசெலவு, என் சம்பளம் உட்பட, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்கும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். பெண்கள் பெரும்பான்மையாயுள்ள ஒரு முறையீட்டுக் குழு வேண்டும். போதகருக்கு எதிராக வரும் முறையீடும் அதனிடமே செல்ல வேண்டும். பொறுப்பில் இருப்பவர் இரண்டு தவணைகளுக்குப் பின் விலகியிருக்க வேண்டும். யாரேனும் இவற்றை எதிர்த்தால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எந்த விக்கிரகத்துக்கு வலிக்கிறது என்று அவர் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ளட்டும்.

வருகிற ஞாயிறு நெகேமியா 5-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கிக்கிறேன். இருபது வருஷம் பிந்திய பிரசங்கம் அது. அந்தத் தாயார் அதைக் கேட்க இருக்கமாட்டார். வேறு யாரேனும் ஒருவர் கேட்கக்கூடும்.

ஜெபம்: ஆண்டவரே, அயலாருடைய வீட்டில் நாங்கள் தேடிய விக்கிரகத்தை எங்கள் வீட்டில் எங்களுக்குக் காண்பியும். அதைத் தகர்க்கும் பெலனை எங்கள் கைகளுக்குத் தாரும். எங்கள் மௌனத்தினால் காயப்பட்டவர்களை நீரே தேற்றும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்,
மண்ணச்சநல்லூர்