மவுண்ட் ஆகாத டிஸ்க்

பன்வில பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி போன வாரம் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே குடும்பக் காகிதங்களின் ஸ்கேன்கள்: தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புப் பதிவுகள். மூலப் பிரதிகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. இடிமழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் பண்ண மறுக்கிறது. கடையில் விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்திருக்கிறார்கள். "ஃபோர்மட் பண்ணச் சொல்லுதுண்ணே, பண்ணிடலாமா?"

வேண்டவே வேண்டாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு விண்டோஸுக்குத் தானாகப் புரியாது. புரியாத டிஸ்க்கைக் கண்டால் அது ஃபோர்மட் பண்ணவா என்றுதான் கேட்கும்.

இவை சாதாரணக் காகிதங்கள் அல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை பேர் இருப்பது, எத்தனை பேர் போவது என்று பிரித்தது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அத்தனை காலமும் எங்கள் சனம் காகிதத்தைக் காட்டித்தான் தன் இருப்பை நிரூபித்தது. இந்த டிஸ்க்கில் அவசரக் கை படவே கூடாது.

முதலில் லினக்ஸ் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசக் பார்த்தோம். அதில் ஐ/ஓ எரர் வரிசையாக வந்தால் டிஸ்க்கே சாகிறது என்று சந்தேகிக்க வேண்டும்; அப்போது கோப்பு அமைப்பைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது கொலை. வரவில்லை, மவுண்ட் காட்டிய 'பேட் சூப்பர்பிளாக்' பிழை மட்டும்தான். ஆனாலும் டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவியால் முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்குப் பிரதி எடுத்த பிறகுதான் மற்ற வேலை. மூல டிஸ்க்கை உறையில் போட்டு மூடிவைத்தோம்.

சூப்பர்பிளாக் என்பது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி இருக்கும் தலைப்பதிவு. அது கெட்டாலும் டிஸ்க்கில் அதன் பிரதிகள் பல இடங்களில் உண்டு. 4 கிலோபைட் பிளாக் என்றால் முதல் பிரதி வழக்கமாக 32768ஆம் பிளாக்கில். மவுண்ட் கட்டளை 1 கிலோபைட் கணக்கில் எண்ணுவதால் அதற்கு 131072 என்று கொடுக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான். இன்னொன்று: ரீட்-ஒன்லியாக மவுண்ட் பண்ணினாலும் எக்ஸ்ட்4 தன் ஜேர்னலில் (மாற்றப் பதிவேட்டில்) முடியாமல் நிற்பவற்றை டிஸ்க்கில் எழுதிவிடும். மவுண்ட் கட்டளையில் 'நோலோட்' சேர்த்தால்தான் சும்மா இருக்கும்.

இரண்டையும் சேர்த்து, எடுத்துவைத்த டிஸ்க் பிரதியை மவுண்ட் பண்ணியதும் கோப்புறைகள் திறந்தன. தேவையானதை வெளியே எடுத்துக்கொண்டு, அந்த டிஸ்க் பிரதியின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினோம். சில படங்கள் பெயரிழந்து, வெறும் எண்களோடு 'லொஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாருடைய சான்றிதழ் என்று பார்த்துப் பெயர் வைக்கும் வேலை இப்போது நடக்கிறது. முடிந்ததும் ஒரு பிரதி கண்டியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறது.