கொக்கீயின் குரல் ஏன் கீச்சானது?

காலநிலை மாற்றம் எண்டாலே எங்களுக்குப் பனிக்கரடிதான் ஞாபகம் வரும். படத்துக்கு ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுவோம். பார்க்கிறதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கேட்கவும் வேணும் என்பது என்ர கட்சி.

புவேர்ட்டோ ரிக்கோ தீவில் கொக்கீ என்றொரு தவளை இருக்கிறது. அது கத்துறதே 'கோ-கீ' எண்டுதான். 'கோ' மற்ற ஆண்களுக்கு: இது என்ர இடம், கிட்ட வராதே. 'கீ' பெண்களுக்கு. பீற்றர் நாரின்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் எல் யுங்கே மலையில் வெவ்வேறு உயரங்களில் இந்தக் குரல்களைப் பதிவு செய்தார். மேலே போகப்போகத் தவளை பெரிது, குரல் தடிப்பு, இழுவையும் கூட. 23 வருடம் கழித்து அதே மலைப்பாதையில் திரும்பவும் பதிந்தபோது குரல் கீச்சாகி, குறுகியிருந்தது. தவளையும் சிறுத்திருந்தது. கீழே கேட்ட குரல் மலையேறிவிட்டது மாதிரி. இடையில் ஏறின வெப்பம் 0.37 பாகை அளவுதான்!

இனி வெப்பம் இவ்வளவு ஏறினால் உடம்பு எவ்வளவு சிறுக்கும், குரல் எங்கே போய் நிற்கும் என்று இதை வைத்துக் கணிக்கலாம். தவளையின் காதும் அதன் குரலுக்கேற்றபடிதான் அமைந்திருக்கிறது. குரல் ஒரு வேகத்திலும் காது இன்னொரு வேகத்திலும் மாறினால், அவன் கூப்பிடுறது அவளுக்குச் சரியாகக் கேட்காது. செத்த தவளைகளை எண்ணுற வரைக்கும் நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

இப்ப எல்லாரும் செயற்கை நுண்ணறிவு ஆயிரக்கணக்கான மணிநேர ஒலியைக் கேட்டு இனம் பிரிக்குது என்று குதிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 1983க்குத் திரும்பிப் போய்ப் பதிய அதாலும் ஏலாது. நாரின்ஸ் அப்போது காலநிலையைத் தேடிப் போகவில்லை. உயரத்துக்கும் குரலுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கப் போனவர். அந்தப் பழைய பதிவு இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இல்லை. அதிலும் இருந்தது இரண்டு காலத்துப் பதிவுதான். வருடாவருடம் பதிந்திருந்தால் கணிப்பு இன்னும் உறுதியாக இருந்திருக்கும்.

இலங்கையில் 15இற்கும் மேற்பட்ட தவளை இனங்கள் அழிந்துவிட்டன. பலதின் உடல் நூதனசாலைப் போத்தலில் கிடக்குது. குரல் எப்படி இருந்ததென்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு கேட்கலாம். மாரி தொடங்கினதும் கிணற்றடியில் நடக்கிற கச்சேரியைப் பதிய விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. கையில போன் இருக்குது. இடம், திகதி, நேரம், வெப்பநிலை நாலையும் எழுதுங்கள். அடுத்த மாரிக்கும் அதே இடத்தில் நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாகப் போட்டால் ஒலி சுருங்கிவிடும், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.