ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு உண்டு

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் துப்பாக்கி வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒதுக்குப்புறமான வீடு, கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும் என்கிறார்கள். அதில் நான் தலையிடவில்லை. அது அந்த நாட்டுச் சட்டம், அவரவர் குடும்பம். ஆனால் கூடவே இன்னொரு பேச்சும் வருகிறது. "விசையை அழுத்திப் பிடித்தால் மழையாகப் பொழிகிற மிஷின் கன் ஒன்று இருந்தால் எவன் கிட்டே வருவான்? சட்டம்தான் குறுக்கே நிற்கிறது" என்கிறார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன். வீட்டுக் காவலுக்கு அதைவிட உதவாத ஆயுதம் கிடையாது.

ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் காலத்தில் சிப்பாயின் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். 1971 போரில் நம் காலாட்படை பெரும்பாலும் அந்தத் துப்பாக்கியோடுதான் நின்றது. "ஏக் கோலி, ஏக் துஷ்மன்" என்று உஸ்தாத் கத்துவார். ஒரு குண்டு, ஒரு எதிரி. சுட்டு முடித்ததும் காலி உறைகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைத்த பிறகுதான் ரேஞ்சை விட்டு நகர முடியும்.

தொடர்ந்து சுடும் எல்.எம்.ஜி.யும் இருந்தது, செக்‌ஷனுக்கு ஒன்று. அதன் முக்கிய வேலை வேறு. எதிரி தலையைத் தூக்காதபடி அவன் இருக்கும் இடத்தின் மேல் குண்டைப் பொழிவது, அந்த நேரத்தில் மற்றவர்கள் முன்னேறுவது. நடுராத்திரி ஹாலில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து வருகிற குடும்பஸ்தனுக்கு எந்தப் படை முன்னேறக் காத்திருக்கிறது?

கணக்கைப் பாருங்கள். ஏ.கே. 47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு சுடும் வேகம் கொண்டது. நொடிக்குப் பத்து. 30 குண்டு மேகசின் மூன்றே நொடியில் காலி. முதல் குண்டு நினைத்த இடத்தில் பட்டாலும், உதைப்பில் குழல் மேலே ஏற ஆரம்பித்துவிடும். பழகாத கை, இருட்டு, பதற்றம் மூன்றும் சேர்ந்தால் பிந்திய குண்டுகள் சுவரிலும் கூரையிலும்தான் போகும்.

அந்தச் சுவர் எப்படிப்பட்டது? நம் ஊர்ச் செங்கல் சுவர் அல்ல. அங்கே பெரும்பாலான வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. ரைபிள் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அடுத்த அறையில் பேரப்பிள்ளை தூங்குகிறது. அதற்கப்பால் பக்கத்து வீடு. திருடன் மேல் படாத குண்டு காற்றில் கரைந்துவிடாது. எங்கோ போய் யார் மேலோ இறங்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் சுட்டவன்தான்.

அமெரிக்க ராணுவத்தின் அனுபவமும் இதேதான். வியட்நாமில் சிப்பாய்கள் எம்.16 துப்பாக்கியை அழுத்திப் பிடித்துத் தோட்டாவை வீணாக்கினார்கள். அதனால் 1980களில் வந்த எம்.16 ஏ2 மாடலில் தொடர் சூட்டையே எடுத்துவிட்டு, ஒரு இழுப்புக்கு அதிகபட்சம் மூன்று குண்டு என்று கட்டுப்படுத்தினார்கள். நம் இன்சாஸ் துப்பாக்கியிலும் அதே மூன்று குண்டு ஏற்பாடு உண்டு. "பிறகு எம்.4 ஏ1 துப்பாக்கியில் தொடர் சூட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்களே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. மூன்று குண்டு ஏற்பாட்டில் விசையின் கனம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்றும் அவர்களுடைய சிப்பாய்க்குக் கற்றுத்தருவது பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் குறி பார்த்துச் சுடுவதைத்தான்.

"ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தால்?" என்பது அடுத்த கேள்வி. ஆறு பேர் வந்தால் ஒவ்வொரு குண்டும் இன்னும் அருமையாகிறது. முதல் ஆளிடமே மேகசினைக் காலி செய்துவிட்டு, மீதி ஐந்து பேர் முன்னால் வெறும் இரும்போடு நிற்பதா?

சரித்திரத்தையும் பார்ப்போம். ஜெனரல் தாம்ப்சன் தன் பெயரில் உருவாக்கிய சப்மெஷின் கன், முதல் உலகப் போருக்குத் தயாராவதற்குள் போரே முடிந்துவிட்டது. பிறகு அதைப் பொதுமக்களுக்கு விற்கப் பார்த்தார்கள். பண்ணை வீட்டுக்காரர் ஒருவர் அதை வைத்துக் கொள்ளைக்காரர்களை விரட்டுவதாக விளம்பரமே போட்டார்கள். அதற்குப் பெயர் வாங்கித் தந்தது பண்ணைக்காரர் அல்ல. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்ற கும்பல்தான். 1934இல் இத்தகைய ஆயுதங்களுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் வந்தன. 1986 மே மாதத்துக்குப் பிறகு தயாரானதைச் சாதாரணக் குடிமகன் வாங்க முடியாது. பழையதன் விலை இன்று பல்லாயிரம் டாலர்.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஒருவன் ஓட்டல் ஜன்னலிலிருந்து, சாதாரண ரைபிளை மிஷின் கன் போல் சுடவைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற சாதனத்தோடு, கீழே இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த கூட்டத்தின் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். சுமார் பத்து நிமிடம். அன்று மட்டும் 58 உயிர்கள் போயின. அந்தச் சாதனத்துக்கு அரசு போட்ட தடையை 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சட்டத்தின் சொல்லுக்கு அந்தச் சாதனம் மிஷின் கன் என்ற விளக்கத்தில் வராது என்பது தீர்ப்பு. கீழே நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் எந்த உதவியும் செய்யவில்லை.

சிகாகோவிலும் லாஸ் வேகஸிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். சுட்டவன் தாக்க வந்தவன். யார் மேல் பட்டாலும் அவனுக்குச் சம்மதம். குண்டு மழையின் பலன் அப்படிப்பட்டவனுக்குத்தான். காக்க நிற்பவனுக்கு யார் மேல் படக்கூடாது என்பதுதான் முதல் கவலை. மனைவி, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர், ராத்திரி கதவைத் தட்டிய வழி தவறிய ஆள் என்று அந்தப் பட்டியல் நீளமானது. அவனுக்கு வேண்டியது நிதானமும் நல்ல பூட்டும் டார்ச் லைட்டும் போனும். துப்பாக்கியே வேண்டும் என்றால், ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு போதும்.

உங்கள் பிள்ளை போனில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முப்பது குண்டில் ஒன்று திருடன் மேல் பட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 29 எங்கே போனது, தம்பி?"